டயரின் அளவும் மீட்டரின் கணக்கும்

டயர் மாற்றிய பிறகு வண்டியின் மைலேஜ் குறைந்துவிட்டது என்னும் குறையைக் கார் வைத்திருப்போரிடம் அடிக்கடி கேட்கலாம். சிலர் டயர் விற்ற கடைக்காரரைக் குறை கூறுவர்; சிலர் பெட்ரோல் நிலையத்தைச் சந்தேகிப்பர். பல நேரங்களில் இருவர் மீதும் குற்றம் இல்லை. எரிபொருள் முன்பு போலவே செலவாகிறது. தூரத்தை அளக்கும் கோல்தான் மாறியிருக்கிறது.

கார் தான் ஓடும் சாலையை அளப்பதில்லை. சக்கரமோ, அதனோடு இணைந்த கியர்பாக்ஸின் தண்டோ எத்தனை முறை சுழன்றது என்பதை மட்டுமே அது எண்ணுகிறது. ஒரு சுழற்சிக்கு இவ்வளவு தூரம் என்று உற்பத்தியாளர் நிர்ணயித்த எண்ணால் அதைப் பெருக்கினால் ஓடோமீட்டரில் தூரம் கிடைக்கிறது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். எரிபொருளால் வகுத்தால் மைலேஜ். ஆக, மூன்று எண்களும் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட டயரின் சுற்றளவு என்னும் ஒரே அடிப்படையின் மேல் நிற்கின்றன. டயரின் அளவை மாற்றுவது, படிக்கல்லை மாற்றிவிட்டுப் பழைய விலைப்பட்டியலை வைத்தே வியாபாரம் செய்வதற்கு ஒப்பாகும்.

டயரின் பக்கச்சுவரில் அச்சிடப்பட்டுள்ள எண்களைக் கொண்டு இந்த மாற்றத்தை வீட்டிலிருந்தே கணக்கிடலாம். பழைய சிறிய கார்கள் பலவற்றில் காணப்படும் 145/80 ஆர் 12 என்னும் அளவை எடுத்துக்கொள்வோம். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. அதாவது 116 மி.மீ. 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில், அதாவது 304.8 மி.மீ. மேலும் கீழும் உள்ள இரு பக்கச்சுவர்களையும் ரிம்மையும் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் சுமார் 537 மி.மீ., சுற்றளவு 1,686 மி.மீ. ஒரு கிலோமீட்டருக்கு இது 593 முறை சுழலும்.

இப்போது உரிமையாளர் 13 அங்குல ரிம்முக்கு மாறி, 145/80 ஆர் 13 பொருத்துகிறார் என்க. முதல் இரண்டு எண்களும் மாறவில்லை என்பதால் பலர் இதனை ஏறக்குறைய அதே டயர் என்றே எண்ணுவர். ஆனால் விட்டம் 562 மி.மீ. ஆகிவிட்டது, 4.7 விழுக்காடு உயர்வு. மீட்டரோ முன்போலவே 593 சுழற்சிகளை ஒரு கிலோமீட்டர் என்று எழுதுகிறது. உண்மையில் கார் கடந்தது 1,047 மீட்டர்.

கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் யமுனா விரைவுச்சாலையின் நீளம் ஏறத்தாழ 165 கி.மீ. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓட்டினாலும் இக்காரின் ஓடோமீட்டர் 158 கி.மீ. அளவில்தான் காட்டும். லிட்டருக்கு 20 கி.மீ. கொடுத்த வண்டி, அதே எரிபொருளில் அதே தூரத்தைக் கடந்தாலும், கணக்கில் 19.1 ஆக இறங்கிவிடும். காணாமற்போன அந்த 0.9 கி.மீ. தாளில் மட்டுமே காணாமற்போனது. சிறிய டயர் பொருத்தினால் இதற்கு நேர்மாறாகும். 3 விழுக்காடு சிறிய டயரில், 20 கி.மீ. மைலேஜ் 20.6 ஆகத் தெரியும். பழைய கார் வாங்குவோர், விற்பவர் பெருமையுடன் சொல்லும் மைலேஜை நம்புமுன் டயரின் அளவையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

அகலமான டயரும் கனமான ரிம்மும் எரிபொருளை உண்மையாகவே கூடுதலாகச் செலவழிக்கக்கூடும் என்பதையும் மறுக்க முடியாது. சுழலும் எடை கூடுகிறது. பல டயர்களில் உருளும்போது ஏற்படும் தடையும் கூடுகிறது. மெய்யான இழப்பையும் மீட்டர் காட்டும் இழப்பையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. கணக்கில் வந்த மைலேஜைப் புதிய டயரின் விட்டத்தால் பெருக்கி, பழைய டயரின் விட்டத்தால் வகுக்க வேண்டும். அதன் பிறகும் குறைவு எஞ்சினால் அதுவே மெய்யான இழப்பு. டயரில் காற்றழுத்தம் சரியாக இருக்கிறதா என்பதையும் அப்போது பார்க்க வேண்டும்.

அளவை மாற்றாமல் புதிய டயர் போட்டவருக்கும் இதே ஐயம் எழுவதுண்டு. புதிய டயரின் மேற்பரப்புப் பள்ளங்கள் சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும், தேய்மானத்தின் எல்லை 1.6 மி.மீ. ஆகவே முழுதும் தேய்ந்த டயரின் விட்டம் ஏறக்குறைய 13 மி.மீ. குறைந்திருக்கும். 620 மி.மீ. விட்டமுள்ள டயரில் இது 2 விழுக்காடு. தேய்ந்த டயரில் ஓடோமீட்டர் சற்று மிகுத்துக் காட்டிவந்த தூரம், புதிய டயர் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மைலேஜ் வீழ்ந்ததுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகமானியில் விளைவு இன்னும் கடுமையானது. ஐரோப்பா உள்ளிட்ட பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. 39ஆம் ஒழுங்குமுறையின்படி, வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது; மிகுத்துக் காட்டலாம், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. எனவே உற்பத்தியாளர்கள் ஓட்டுநரின் பாதுகாப்பைக் கருதி வேகத்தைச் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே அமைப்பது வழக்கம். பெரிய டயர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிடுகிறது. இடைவெளியே இல்லாத வேகமானியாயின், முள் 100இல் நிற்கும்போது கார் 104.7 கி.மீ. வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கும். வேகக் கண்காணிப்புக் கேமரா அறிவது சாலையில் சென்ற வேகத்தை. முள் காட்டியதை அன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவின்படி, இலகு ரக வாகனத்தின் வேகமீறலுக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை.

பணத்தைத் தொடும் இடங்கள் வேறு பலவும் உள்ளன. நிறுவனப் பணிக்காகச் சொந்தக் காரை ஓட்டிக் கிலோமீட்டர் கணக்கில் படி பெறுபவர், மாதம் 1,500 கி.மீ. ஓட்டினால் மேற்கண்ட டயரில் 1,432 கி.மீ. மட்டுமே காட்ட முடியும். கிலோமீட்டருக்கு 10 ரூபாய் என்று வைத்தாலும் மாதந்தோறும் 680 ரூபாய் கைவிட்டுப் போகிறது. சிறிய டயரில், 1,00,000 கி.மீ. வரையிலான உத்தரவாதம் 97,000 கி.மீ.யிலேயே முடிந்துவிடும். பழைய கார்க் கடன் விண்ணப்பத்தில் ஓடோமீட்டர் எண் மதிப்பீட்டின் முக்கியக் கூறுகளில் ஒன்று, 4.7 விழுக்காடு வேறுபாடு அங்கே பெரிதன்று என்பது எனது கருத்து. ஆனால் பதிவுச் சான்றிதழோடு பொருந்தாத வண்டி என்ற கேள்வி எழுந்தால் அது பெரிதாகிவிடும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடமளிக்கிறது. கடனில் வாங்கிய வண்டியாயின் ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிட்டு, மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது பின்னாளில் வழக்கைத் தவிர்க்கும்.

இதனால் பெரிய ரிம்மே கூடாது என்று பொருளில்லை. மாருதி ஸ்விஃப்ட் காரின் ஒரு வகையில் 165/80 ஆர் 14, உயர் வகையில் 185/65 ஆர் 15 பொருத்தப்பட்டிருப்பதைப் பாருங்கள். ரிம் ஓர் அங்குலம் பெரிது. பக்கச்சுவர் அதற்கேற்பக் குறுகியது. விட்டங்கள் முறையே 619.6 மி.மீ., 621.5 மி.மீ.; வேறுபாடு 0.3 விழுக்காடே. உயர் வகைக்கு உற்பத்தியாளரே அங்கீகரித்த அளவைத் தேர்வதே பாதுகாப்பு. அளவோடு சுமைக் குறியீட்டையும் ஒப்பிடுங்கள். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோ. பழைய டயரின் எண்ணுக்குக் குறைவானதை வாங்கலாகாது.

ஏற்கெனவே டயர் மாற்றிவிட்டவர்கள் தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களைக் கொண்டு மீட்டரைச் சோதிக்கலாம். ஒரு கல்லருகே டிரிப் மீட்டரைச் சுழியமாக்கி, மாற்றுப்பாதை ஏதுமின்றி 50 கி.மீ. சென்று பாருங்கள், கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேகத்தை உடன் பயணிப்பவர் குறித்துக்கொள்ளட்டும். மீட்டர் 47.7 காட்டினால் 50ஐ 47.7ஆல் வகுத்துக் கிடைக்கும் 1.048 என்னும் எண்ணை, டயர் மாற்றிய நாளின் ஓடோமீட்டர் அளவோடு சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அந்நாளுக்குப் பின் ஓடிய தூரத்தை மட்டும் இவ்வெண்ணால் பெருக்கினால் உண்மைக் கணக்கு கிடைத்துவிடும்.