பட்டுச் சேலை: உங்களுக்குத் தெரியுமா?

◆ பட்டு நூலும் நம் தலைமுடியும் உறவுக்காரர்கள். இரண்டுமே புரதம், பட்டில் இருப்பது ஃபைப்ராயின், முடியில் இருப்பது கெரட்டின். தலைக்கு வாஷிங் பவுடர் போட்டுக் குளிப்போமா? சேலைக்கும் அதே நியாயம்தான். துணி துவைக்கும் பவுடரில் சலவைச் சோடா இருக்கிறது. அது காரம், காரம் பட்டால் புரத இழை நைந்து, பளபளப்பு மங்கும். பாக்கெட்டில் 'என்சைம்' என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பவுடரைப் பட்டின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். ரத்தம், பால், முட்டை போன்ற புரதக் கறைகளைச் செரித்துக் கரைக்கும் என்சைம்களும் அதில் சேர்ந்திருக்கும். கறை எது, சேலை எது என்று அவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. குளோரின் கலந்த பிளீச் இன்னும் கொடுமை, இழையையே கரைத்துவிடும்.

◆ ஒரே ஒரு பட்டுக்கூட்டிலிருந்து அறுபடாமல் வரும் இழை ஒரு கிலோமீட்டர் நீளத்தைக்கூடத் தொடும். அந்த இழையின் மேல் செரிசின் என்ற பசை பூசியிருக்கும். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு இந்தப் பசைதான். சாயம் போடுவதற்கு முன், சோப்பு கலந்த சுடுநீரில் வேகவைத்து இதை நீக்குகிறார்கள். அதற்குப் பிறகுதான் மென்மையும் மினுக்கமும் வெளியே வருகின்றன. சூடும் சோப்பும் பட்டில் செய்ய வேண்டிய வேலை அங்கேயே, அளவு தெரிந்த கைகளில் முடிந்துவிட்டது. வீட்டில் வெந்நீரில் ஊறவைத்து அதை மறுபடியும் செய்ய வேண்டாம்.

◆ நனைந்தால் பருத்திக்கு வலு கூடும்; பட்டுக்கு வலு குறையும். வேட்டியைக் கல்லில் அடித்துத் துவைத்தாலும் தாங்குவதும், பட்டை முறுக்கிப் பிழிந்தாலே இழை விலகிப்போவதும் இதனால்தான். அலசிய பட்டைப் பிழியாமல் ஒரு பெரிய துண்டின் மேல் விரித்து, துண்டோடு சேர்த்துச் சுருட்டி, மெல்ல அழுத்துங்கள். ஈரத்தைத் துண்டு வாங்கிக்கொள்ளும்.

◆ பட்டு துவைக்கப் பூந்திக்கொட்டையைவிட நல்ல பொருளை நம் பாட்டிமார் நமக்கு விட்டுப்போகவில்லை என்றே சொல்வேன். அதன் தோலில் உள்ள சபோனின்தான் நுரை தருகிறது. சோப்பைப் போலக் காரமாக இல்லாமல், லேசாக அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும். பட்டுக்கு ஏற்றது அதுதான். இன்னொரு வசதி: போர் தண்ணீரில் சோப்புப் போட்டால் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து துணியில் படியும். பூந்திக்கொட்டை அப்படித் திரியாது.

ஒரு கைப்பிடி கொட்டையை உடைத்து, கறுப்பு விதையை எடுத்து எறிந்துவிட்டு, தோலை மட்டும் இரவு தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் கையால் பிசைந்தால் பழுப்பு நிறத்தில் வழவழப்பாக இறங்கும். அதைத் துணியில் வடிகட்டியே பயன்படுத்த வேண்டும். தோல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டால் வெளிர் நிறப் பட்டில் பழுப்புத் திட்டு விழும். ஒரு பக்கெட் குளிர்ந்த தண்ணீரில் இதைக் கலந்து, சேலையை முக்கி எடுத்து, சில நிமிடங்களில் அலசிவிடுங்கள். ஊறப்போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள்.

◆ காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலும் இரு பக்கக் கரைகளும் மூன்று தனித்தனி நாடாக்களில் நெய்து கோக்கப்படுபவை. அதனால்தான் மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை அத்தனை துல்லியமாக வந்து நிற்கிறது. துவைக்கும்போது பயம் தருவதும் இந்த அழகுதான். கரையின் சாயம் கசிந்தால் உடலில் இறங்கிவிடும். நனைப்பதற்கு முன் வெள்ளைத் துணி ஒன்றை ஈரமாக்கி, கரையின் உள்பக்கத்தில் சற்று நேரம் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தச் சேலை வீட்டுத் துவையலுக்கு இல்லை. நம்பிக்கையான ட்ரைவாஷ் கடைக்குத்தான். ஜரிகை கனமாக ஓடும் கல்யாணப் பட்டையும் கடைக்கே கொடுத்துவிடுங்கள். வீட்டில் துணிந்து துவைக்கலாம் என்று நான் சொல்வது சாதாரண மெல்லிய பட்டைத்தான்.

◆ கல்லுப்புத் தண்ணீரில் நனைத்தால் சாயம் நிற்கும் என்பது பல வீடுகளில் உள்ள நம்பிக்கை. சாயம் நிற்பதும் நிற்காததும் சாயத் தொட்டியிலேயே முடிவாகிவிடுகிறது. உப்பு அதை மாற்றாது. மாறாக, அலசாமல் தங்கும் உப்பு பட்டின் வலுவைக் குறைக்கும்.

◆ வியர்வையிலும் உப்புதான். புதிதாக வரும் வியர்வை பொதுவாக லேசான அமிலம். துணியில் தங்கி, கிருமிகள் வேலை செய்யச் செய்யக் காரமாக மாறும். பட்டு ரவிக்கை அக்குளில் முதலில் கிழிவது இதனால்தான். முகூர்த்தம் முடிந்து வந்த களைப்பில் சேலையைச் சுருட்டி பீரோவில் வைப்பதுதான் பட்டுக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல் என்பேன். அன்றிரவே நிழலில், மின்விசிறிக் காற்றில் விரித்துப் போட்டு, மறுநாள் மடித்தால், ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டிய தேவையே இருக்காது. ரவிக்கையை மட்டும் உடனே அலசிவிடுங்கள்.

◆ பந்தியில் சாம்பார் சிந்தியதா? சோப்பை எடுக்காதீர்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே வித்தைதான். முதலில் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை போகிறதோ இல்லையோ, அந்த இடத்தில் மினுக்கம் போய்விடும். நெய்யோ எண்ணெயோ மட்டும் பட்டிருந்தால் தண்ணீரே வேண்டாம். டால்கம் பவுடரைத் தாராளமாகத் தூவி, சில மணி நேரம் விட்டுத் தட்டிவிடுங்கள்.

◆ அருங்காட்சியகங்களில் பழைய பட்டுத் துணிகளின் மேல் விழும் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்குள் வைத்திருப்பது வழக்கம். நம் மொட்டை மாடி உச்சி வெயில் 1,00,000 லக்ஸைத் தொடக்கூடியது. பட்டு காய வேண்டிய இடம் நிழல்.

◆ வாங்கியது அசல் பட்டுதானா என்ற சந்தேகமா? ரவிக்கைத் துணியின் ஓரத்தில் ஓர் இழையை உருவித் தீயில் காட்டுங்கள். பட்டென்றால் முடி கருகும் வாடை வரும். எரிந்த நுனி விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் என்றால் உருகிக் கெட்டி மணியாகிவிடும். கடையிலேயே உறுதி வேண்டுமென்றால், 2004-இல் மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் வந்த 'சில்க் மார்க்' அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

◆ அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. வெள்ளிக்குப் பகை கந்தகம். ரப்பரில் கந்தகம் உண்டு, கம்பளியிலும் உண்டு. ஆகவே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவதும், ஸ்வெட்டரோடு ஒரே தட்டில் அடுக்குவதும் ஜரிகையைக் கறுக்க வைக்கும். சென்ட்டை உடுத்துவதற்கு முன்பே உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். ஜரிகையின் மேல் நேராக அடிக்காதீர்கள்.

◆ துவைத்துத் துவைத்து வெளுத்த பழைய வேட்டிதான் பட்டுச் சேலைக்கு மிகச் சிறந்த உறை. காற்று போகும், ஈரம் தங்காது. பிளாஸ்டிக் கவரில் ஈரம் உள்ளேயே அடைபடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் ஜரிகைக் கம்பி அந்தக் கோட்டிலேயே முறியும். கஞ்சி போட்டு எடுத்துவைக்காதீர்கள். இராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்து என்றால் உயிர்.

◆ அஸ்ஸாமின் பொன்னிற மூகா பட்டு துவைக்கத் துவைக்கப் பளபளப்பு கூடும் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எல்லாப் பட்டும் ஒன்றல்ல.

◆ புதுச் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கிறீர்களா? பருத்தி ஃபால்ஸ் துணியை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் முதல் நனைப்பிலேயே பருத்தி சுருங்கும், பட்டு அந்த அளவுக்குச் சுருங்காது. கீழ்க்கரை முழுவதும் சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே அப்படி ஆகிவிட்டதென்றால் இஸ்திரியால் இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கரையில் இழை விலகிவிடும். தையலைப் பிரித்து, நனைத்துச் சுருக்கிய புது ஃபால்ஸ் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.