கடலை நோக்கிக் காற்று வீசினால் எங்கே பாய் விரிப்பது?

நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது கரையோர நீர் ஏன் தட்டையாக இருக்கிறது? அலை வளர, காற்று நீர்மேல் நெடுந்தூரம் ஓட வேண்டும். கரையோரத்தில் அந்தத் தூரம் இல்லை. பாய் பொருத்திய பலகையில் சறுக்கும் விண்ட்சர்ஃபிங்கில் வேகம் எடுக்க அருமையான நீர் இது.

ஆபத்தும் உண்டு. மரங்களிலும் கட்டடங்களிலும் மோதிய காற்று சுழன்று, விட்டுவிட்டு வீசும். கரையை விட்டுத் தள்ளிப் போகப்போக அது வலுக்கும். பாய்மரம் முறிந்தால், பலகையோடு ஆளையும் ஆழ்கடலுக்குத் தள்ளிவிடும்.

அதனால் காற்று வரும் பக்கம் தாழ்வான மணல்வெளியும், போகும் பக்கம், அடித்துச் செல்லப்படுபவரை நிறுத்தும் ஒரு தடுப்பும் உள்ள இடமே நல்லது.

கானரித் தீவுகளில் ஃபுவெர்த்தவெந்துராவின் சோத்தவெந்தோ கடற்கரை அப்படிப்பட்டது. வடகிழக்கு வியாபாரக் காற்று தீவின் குறுகிய மணற்பகுதியைக் கடந்து அங்கே கடலில் இறங்குகிறது. கடல் ஏறும் வேளையில், தடுப்பாக அமைந்த மணல்திட்டுக்கு உட்புறம் ஆழமற்ற காயல் நிரம்புகிறது. புதிதாகப் பழகுவோர் விழுந்தாலும் கால் ஊன்றி எழலாம்.