மைக்செட்டில் இருந்த வால்வு

பங்குனி பிறந்தால் எங்கள் பக்கம் காற்றின் சத்தமே மாறிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயிலில் பூக்குழி. சுற்றுவட்ட ஊர்களில் ஒன்று மாற்றி ஒன்றாக அம்மன் பொங்கல். வேப்பமரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, மைக்செட்காரர் சாவடித் திண்ணையில் செட்டை இறக்கி வைப்பார். பெரியவர்கள் பாட்டுக் கேட்க வருவார்கள். சிறுவர்கள் நாங்கள் செட்டின் முதுகுப் பக்கம் போய் உட்காருவோம். வால்வுகள் அங்கேதான் இருக்கும்.

சுவிட்சைப் போட்டதும் பாட்டு வராது. கண்ணாடிக்குள் ஒரு கம்பி மங்கலாகச் சிவந்து, பிறகு ஆரஞ்சாகும். தகரத்தில் படிந்த தூசி சூடேறி ஒரு வாசனை கிளம்பும். குழாயில் மெல்ல ஒரு முனகல் கேட்கும். "இப்பத்தான்டா செட்டு முழிச்சிருக்கு" என்பார் அவர். அதற்குப் பிறகே ஊசி இசைத்தட்டில் இறங்கும்.

பல வருஷம் கழித்து ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், கையால் கட்டிய கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் முதுகை எட்டிப் பார்த்தேன். அதே கண்ணாடி, அதே ஆரஞ்சு, அதே வாசனை. வால்வின் மேல் அச்சிட்டிருந்த எண்ணும் அதே இஎல்34. ஒரு பையன் கிட்டாரில் ஒற்றைத் தந்தியை மீட்டினான். அந்தச் சுரம் மணியைத் தட்டியதுபோலத் தொடங்கி, தேன்போல இழுபட்டு அடங்கியது. "இதுதான் சார் கிளீன் டோன்" என்றான். ஒரு கலப்பும் இல்லாத சுத்த ஒலி என்று அவன் நம்பினான். நான் சொல்ல வருவது இதைத்தான்: வால்வு தரும் அந்தச் சுத்தத்தில் ஒரு கலப்பு இருக்கிறது. அந்தக் கலப்புதான் அதன் அழகு.

வால்வு வேலை செய்யும் விதத்தைக் கண்மாய்க் கரையில் நின்றவர்களுக்கு விளக்குவது எளிது. மடைக்கு அந்தப் பக்கம் நீர் நிறைந்து நிற்கிறது. பலகையை விரற்கடை தூக்கினால் வாய்க்காலில் வெள்ளம் பாய்கிறது. பலகையை அசைக்கும் கையின் பலம் சிறிது, பாயும் நீரின் பலம் பெரிது. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவைக்குள் சூடேறிய கேத்தோடு எலக்ட்ரான்களை உமிழ்கிறது. எதிரே பிளேட் என்ற தகடு, முன்னூறு, நானூறு வோல்ட் ஏற்றிக்கொண்டு அவற்றை இழுக்கிறது. நடுவில் இருக்கும் கம்பி வலைதான் மடைப் பலகை; அதற்கு கிரிட் என்று பெயர். 1904-இல் ஜான் ஃபிளெமிங் செய்த வால்வில் இந்தப் பலகை கிடையாது. 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் அதைச் சேர்த்தார். ஒலியைப் பெருக்கும் வழி அதிலிருந்துதான் திறந்தது.

கிட்டார்த் தந்தி அதிரும்போது அதன் அடியிலுள்ள காந்தச் சுருளில் எழுவது ஒரு வோல்ட்டில் சிறு பகுதிதான். அதை இசிசி83 என்ற சிறிய வால்வு (அமெரிக்கர்கள் 12ஏஎக்ஸ்7 என்பார்கள்) ஒரே கட்டத்தில் ஐம்பது, அறுபது மடங்கு பெருக்கிவிடும். இப்படி இரண்டு மூன்று கட்டம் தாண்டி, கடைசியில் நிற்கும் பெரிய வால்வுகள் ஸ்பீக்கரை உதைக்கும் பலத்தைக் கொடுக்கின்றன. ஒரு இஎல்34 தன்னைச் சூடாக்கிக்கொள்ள மட்டும் ஒன்பது வாட்டுக்கு மேல் குடிக்கிறது. செட்டின் முதுகில் நாங்கள் உணர்ந்தது அந்தச் சூட்டைத்தான்.

மடைப் பலகையை ஓரளவுக்கு மேல் தூக்க முடியாது, ஓரளவுக்குக் கீழே இறக்கவும் முடியாது. அலை பெரிதாகி அந்த எல்லைகளை நெருங்கும்போது வடிவம் கெடுகிறது. சாதாரண டிரான்சிஸ்டர் செட் கடைசி வரை நேராகப் போய், எல்லையில் கத்தியால் சீவியதுபோல வெட்டுப்படும். வால்வோ எல்லைக்கு வெகு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக வளையத் தொடங்கிவிடும். நாம் சத்தம் கூட்டாமல் மெதுவாக வாசித்தாலும் அந்த வளைவு துளி இருக்கும்.

அந்த வளைவிலிருந்து புதிய சுரங்கள் பிறக்கின்றன. முதல் வால்வுகளில் அலையின் ஒரு பக்கம் மறு பக்கத்தைவிடச் சற்று அதிகம் அமுங்குவதால், இரண்டு மடங்கு அதிர்வுள்ள சுரம் கூட வருகிறது. ஸட்ஜத்தை மீட்டினால் அதன் மேல் ஸட்ஜம். கடைசியில் இருக்கும் ஜோடி வால்வுகள் ஒன்று தள்ள ஒன்று இழுக்க என மாறி மாறி வேலை செய்யும்போது, தங்களிடம் பிறக்கும் இந்த இரட்டை மடங்கைப் பெரும்பாலும் தாங்களே அழித்துவிட்டு மூன்று மடங்கை விட்டுவைக்கின்றன. அது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். தம்புராவின் குதிரையில் ஜீவாளி நூலைச் செருகி, தந்திக்குள் ஒளிந்திருக்கும் சுரங்களை எழுப்பத் தெரிந்த நம் காதுக்கு இது அந்நியமான விஷயமே அல்ல. நூல் இல்லாத தம்புராவும் சுருதி சேர்ந்துதான் இருக்கும், உயிர்தான் குறையும்.

உலகத்தின் புகழ்பெற்ற சுத்த ஒலிகள் எல்லாம் இந்த வளைவை எங்கே, எவ்வளவு வைப்பது என்பதில்தான் பிரிகின்றன. அமெரிக்காவின் ஃபெண்டர் டுவின் ரிவர்ப் 1963-இல் வந்தது. நான்கு 6எல்6 வால்வு, எண்பது வாட்டுக்கு மேல் பலம். முதல் கட்டத்தை அடுத்தே இருக்கும் டோன் கன்ட்ரோல் நடு ஒலியைக் குடைந்து எடுத்துவிடுவதால் அடியும் உச்சியும் துலக்கமாகும். அதோடு எதிர்ப் பின்னூட்டமும் உண்டு. வெளியே போகும் ஒலியில் ஒரு பங்கைத் திருப்பி, எதிர்முகமாக உள்ளே கொடுப்பது அது. பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்வது மாதிரி. 1927-இல் ஹரால்ட் பிளாக் என்ற பொறியாளருக்குப் படகில் வேலைக்குப் போகும்போது இந்த யோசனை தோன்றியது; கையிலிருந்த செய்தித்தாளிலேயே அதை எழுதிவைத்தார். டுவினின் ஒலி பனிக்கட்டிபோல: தெளிவு, குளிர்ச்சி, அசையாத உறுதி.

இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி30 இதற்கு நேர் எதிர். டிக் டென்னி வடிவமைத்தது. நான்கு சிறிய இஎல்84 வால்வு, பின்னூட்டம் கிடையாது. மடைப் பலகையை எந்த உயரத்தில் வைத்துத் தொடங்குவது என்பதை வெளியிலிருந்து யாரும் அமைப்பதில்லை. கேத்தோடுக்குக் கீழே இருக்கும் ஒரு மின்தடை தானே தீர்மானிக்கிறது. அதனால் வால்வுகள் சும்மா இருக்கும்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும். திருத்த ஆள் இல்லாததால் ஒவ்வொரு மீட்டலிலும் ஒரு மினுக்கம். பீட்டில்ஸ் பாடல்களில் கிண்கிணி கட்டியதுபோல ஒலிக்கும் கிட்டாருக்குப் பின்னால் வாக்ஸ்தான் இருந்தது.

மார்ஷல் நிறுவனம் 1962-இல் செய்த ஜேடிஎம்45-இன் சுற்று, ஏறக்குறைய ஃபெண்டரின் பாஸ்மேன் செட்டின் சுற்றேதான். வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் மாற, குரல் மாறிவிட்டது. ஒரே கூட்டாஞ்சோறு, வேறு ஊர்த் தண்ணீர்.

கையால் கட்டி, சிறிய எண்ணிக்கையில் விற்கும் இன்றைய விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் இந்த வழிகளில் ஏதோ ஒன்றில் வந்தவை. மேட்ச்லெஸ் டிசி30 வாக்ஸ் வழி. 2022-இல் மறைந்த அலெக்சாண்டர் டம்பிள் ஃபெண்டர் வழி. வாழ்நாளில் அவர் செய்தது சில நூறு செட்டுகள்தான். வாசிக்கப்போகிறவரின் கையைப் பார்த்து, அதற்கேற்ப உள்ளே மாற்றிக் கொடுப்பார். சுற்று யாருக்கும் தெரியக்கூடாதென்று பாகங்களின் மேல் பிசினை ஊற்றி மூடினார். இன்று அவற்றில் ஒன்று லட்சம் டாலருக்கு மேல் போகிறது. அந்த விலையில் பாதிக்கு மேல் அரிதான பொருளுக்குத் தருகிற விலை என்பது என் எண்ணம். ஒலிக்குத் தர வேண்டிய விலை நல்ல இரும்புக்கும் செம்புக்கும் தருவது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் தரத்தில்தான் வால்வு செட்டின் பாதி குணம் இருக்கிறது.

இது எங்கள் மைக்செட்காரருக்குத் தெரியும். அவர் எதையும் பிசின் ஊற்றி மூடவில்லை. "குழாயைக் கழட்டிட்டு செட்டை ஓட்டாத, டிரான்ஸ்பார்மர் போயிரும்" என்று பையன்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். சுமை இல்லாமல் ஓடினால் அந்தச் சுருளில் மின்னழுத்தம் எகிறி, உள்ளே பொறி பறந்து கருகிவிடும். கிட்டார் செட்டுக்கும் இதே விதிதான். ஒரே வித்தியாசம்: கிட்டார் செட்டுக்கு அருகிலேயே எட்டு ஓம் ஸ்பீக்கர் இருக்கும். மைக்செட்டிலோ தெருத் தெருவாக ஒயர் இழுத்து, மூன்றாவது தெருவின் குழாய்க்கும் ஒலி போகவேண்டும். அதனால் நூறு வோல்ட் லைனாக உயர்த்தி அனுப்புவார்கள். மின்வாரியம் உயரழுத்தத்தில் மின்சாரம் அனுப்புவதற்கு என்ன காரணமோ, அதேதான் இங்கும்: ஒயரில் வீணாவது குறையும்.

ராத்திரி எல்லாக் கிணற்று மோட்டாரும் ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கும். மேள அடி விழும்போது பாட்டு ஒரு கணம் அமுங்கி, மூச்சு வாங்கி எழும். அதைக் கோளாறு என்று அவர் வருந்துவார். கிட்டார் உலகில் அந்த அமுக்கத்தைத் தேடிப் பணம் கொடுக்கிறார்கள். ஏசி30, ஜேடிஎம்45 இரண்டிலும் மாறுமின்சாரத்தை நேராக்குவது ஜிஇசட்34 என்ற இன்னொரு வால்வு. பலமாக மீட்டினால் அது சற்றுத் தளர்கிறது, சுரம் அமுங்கி மலர்கிறது. டுவினில் அந்த இடத்தில் சிலிக்கான் டையோடு. அதனால் தளர்வு குறைவு.

நம் மைக்செட்டுகளில் இருந்த வால்வுகள் எல்லாம் சீமையிலிருந்து வந்தவை அல்ல. பெங்களூரில் உள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-இல் வால்வு செய்யத் தொடங்கியது. கண்ணாடியில் பிஇஎல் என்று அச்சிட்ட அந்த வால்வுகளை இன்று வெளிநாட்டுக் கிட்டார்க்காரர்களும் தேடி வாங்குகிறார்கள். நம் ஊர்களில் அவை பரண்மேல் கிடக்கின்றன, அல்லது எடைக்குப் போகின்றன.

உங்கள் வீட்டிலோ, பழைய சவுண்ட் சர்வீஸ்காரர் வீட்டிலோ அப்படி ஒரு செட் இருந்தால் ஆர்வத்தில் உடனே சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். பல வருஷம் தூங்கிய கண்டன்சர்கள் உள்ளே காய்ந்திருக்கும், வெடிக்கவும் கூடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நானூறு வோல்ட் வரை அவற்றில் தங்கியிருக்கும் என்பதால், தெரியாமல் கைவைத்தால் உயிருக்கே ஆபத்து. வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கண்டன்சர்களை மாற்றி, வால்வுகளைச் சோதித்துக்கொள்ளுங்கள். அந்த மைக் முனையில் ஒரு கிட்டாரைச் செருகச் சொல்லி ஒருமுறை கேளுங்கள். எடைக்குப் போடுவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.