போஸ்ட்டாக் விளம்பரத்தை எப்படிப் படிப்பது?

'ரிசர்ச் அசோசியேட் – ஒரு இடம் – முற்றிலும் தற்காலிகம்'. பல்கலைக்கழக வெப்சைட்டில் இப்படி ஒரு அறிவிப்பைப் பார்த்திருப்பீங்க, தாண்டியும் போயிருப்பீங்க. பிஎச்.டி. முடித்தவர், நிரந்தர வேலைக்குப் போகும் முன் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் சில வருஷம் சம்பளத்துக்கு முழுநேர ஆராய்ச்சி செய்வதுதான் போஸ்ட்டாக். "இன்னுமா படிச்சு முடியல?" என்று கேட்கும் சொந்தக்காரங்களுக்கு இதைப் புரியவைப்பது உங்க சாமர்த்தியம்.

அந்தச் சம்பளம் பெரும்பாலும் பல்கலைக்கழகப் பணமே கிடையாது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை மாதிரியான அமைப்புகள் பேராசிரியரின் புராஜெக்டுக்குத் தரும் நிதியிலிருந்து வருகிறது. அந்தத் துறை 2023 ஜனவரி முதல் நிர்ணயித்த தொகை, ரிசர்ச் அசோசியேட்டுக்கு நிலையைப் பொறுத்து மாதம் 58,000, 61,000, 67,000 ரூபாய். வாடகைப் படி தனி. புராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடியும். அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரை அப்புறம் பார்க்கலாம், புராஜெக்ட் முடியும் தேதியை முதல்ல பாருங்க. எட்டு மாசம்தான் பாக்கி என்றால், சாமான் இறக்கி வைத்ததுமே அடுத்த வேலை தேடணும். நிதி தவணை தவணையாக வருவதால் சில மாசம் சம்பளம் தள்ளியும் போகும். கையில் கொஞ்சம் காசு வெச்சுக்கோங்க.

தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப் வேற ரகம். முன்பு செர்ப் நடத்தியது, இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இதில் ஆராய்ச்சித் திட்டம் உங்களுடையது. வழிகாட்டியை நீங்களே தேடி, அவர் சம்மதத்தோடு விண்ணப்பிக்கணும்.

இதுக்கெல்லாம் பெங்களூருக்குத்தான் ஓடணுமா? தஞ்சாவூரில் சாஸ்த்ரா, திருவாரூரில் 2009-ல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சியில் பாரதிதாசன், 1922-லிருந்து இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் என்று டெல்டாவைச் சுற்றியே இடம் இருக்கு. கேள்விகளும் இங்கேயே கிடக்கு. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டாங்க. ஐப்பசி மழையில் குறுவை அறுத்தவங்க ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காயவைப்பதை பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீங்க. சரி, மெஷினில் போட்டு வேகமாகக் காயவைக்கலாமே? மேல்பரப்பு காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், மணியில் விரிசல் விழும், அரைத்தால் நொய்தான் மிஞ்சும். வெப்பப் பரிமாற்றம் படித்த மெக்கானிக்கல்காரருக்கும், சென்சார் செய்யும் இ.சி.இ.காரருக்கும் இதில் வேலை உண்டு. புதுக்கோட்டை ரோட்டில் இருக்கும் நிஃப்டெம், திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக இருந்து வளர்ந்ததுதான்.

"நான் பி.இ. மூணாவது வருஷம், எனக்கெதுக்கு இது?" என்கிறீங்களா? பி.இ. முடித்து கேட் தேறியிருந்தால் ஜே.ஆர்.எஃப். இடத்துக்கு விண்ணப்பிக்கலாம், மாதம் 37,000. எம்.இ.க்குப் பிறகு மூன்று வருஷ ஆராய்ச்சி, கற்பித்தல் அல்லது வடிவமைப்பு அனுபவமும், எஸ்.சி.ஐ. இதழில் ஒரு கட்டுரையும் இருந்தால், பிஎச்.டி. இல்லாமலே ரிசர்ச் அசோசியேட் ஆகலாம் என்கிறது அதே துறையின் விதி. நம்ம ஆளுங்க பலர் இந்த வரியைப் படிக்கிறதே இல்லை.

விண்ணப்பிக்கும் முன் அந்தப் பேராசிரியரின் சமீபத்துக் கட்டுரை ஒன்றையாவது படியுங்க. மெயிலில் அதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்க. அந்த ஆய்வகத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவரிடமும் பேசிடுங்க. சம்பளம் ஒழுங்கா வந்ததா, கட்டுரையில் பேர் போட்டாங்களா என்பதை அவங்கதான் சொல்வாங்க.