மோட்டார் வழி ஆற்றுப்படை

தமிழில் 'ஆறு' என்னுஞ் சொல் வழியையும் குறிக்கும். நீரொழுகும் நதியையும் குறிக்கும். வழியறியாத ஒருவனை அவ்வழியே முன்னர்ச் சென்று மீண்டானொருவன் நெறிப்படுத்துவதற்கென்றே நம் முன்னோர் தனியொரு பாட்டுவகை கண்டனர். அதுவே ஆற்றுப்படை. பத்துப்பாட்டினுள் சரிபாதியாகிய ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாதலை மாணவர் அனைவரும் அறிவர். அப்பாணரும் கூத்தரும் காலால் நடந்தனர். நாமோ மோட்டார் வண்டியில் விரைகின்றோம். கைப்பேசியில் விரியும் படம் எத்திசையில் திரும்பவேண்டுமென்பதை நமக்குக் கூறிவிடுகின்றது. ஆயினும், எப்பொழுது செல்லவேண்டும், எங்கே நிற்கவேண்டும், நின்ற இடத்தில் எதைக் காணவேண்டும் என்பவற்றை அஃது உரைப்பதில்லை. வேலூர், ஆம்பூர்ப் பகுதியில் விடுமுறை நாளில் மோட்டார் வண்டியேறி இயற்கை வளங்காணப் புறப்படுவார்க்கு அவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பகுதிக்கு ஆற்றுப்படை புதியதன்று. மலைபடுகடாம் என்னும் கூத்தராற்றுப்படை செங்கண்மா நகரத்து நன்னனைப் பாடுவது, 583 அடிகளையுடையது. அச்செங்கண்மா, சவ்வாது மலையின் தென்புறத்தே இன்று செங்கம் என வழங்கும் ஊரே. அப்பாட்டில் வருஞ் சேயாறு, அம்மலையிற் பிறந்து கிழக்கே ஓடும் செய்யாறாகும். உ. வே. சாமிநாதையர் 1889-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டைப் பதிப்பித்து வெளியிட்டதனால் இவ்வரிய வழிநூல் நம் கைக்கு எட்டியது. அதனை இயற்றிய பெருங்கௌசிகனார் மலையின் அழகை மட்டும் கூறி நின்றாரல்லர். பன்றிகளைப் பிடிக்கப் பொறி அமைத்த வழிகளில் இருளிற் செல்லாது விடிந்தபின் செல்லுமாறு கூறுகின்றார். வழுக்குமிடங்களில் ஒருவரையொருவர் காத்துக்கொண்டு கடக்கச் சொல்கின்றார். தினைப்புனங் காப்போர் கவணால் எறியுங் கல்லுக்கும் எச்சரிக்கை கூறுகின்றார். எங்கே யார் வாழ்கின்றனர், அவர் எவ்வாறு விருந்தோம்புவர் என்பதையும் மறவாது மொழிகின்றார். பயணத்தைத் திட்டமிடுதல் என்பதற்கு இதனினுஞ் சிறந்த இலக்கணம் யாதுளது? காட்சி, காலம், இடர், மக்கள் ஆகிய நான்கும் அதனுள் அடங்கிவிட்டன.

இந்நாளில் நம்மவர் விடுமுறையென்றால் உதகையையும் கோடைக்கானலையுமே நினைக்கின்றனர். வாலாஜாபேட்டை தொடங்கி வாணியம்பாடி வரையுள்ள நெடுஞ்சாலையைத் தோல் நாற்றம் வீசும் நிலமென்றெண்ணி, வண்டியின் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு கடந்துவிடுகின்றனர். சொந்த நிலத்தைக் கண்ணாடிக்கு உள்ளிருந்தே பார்ப்பது நமக்குத் தகுமா? இந்நெடுஞ்சாலையின் இருமருங்கும் தொலைவில் நிற்கும் மலைகளும், அதனோடு இணைந்து செல்லும் பாலாறும், அவற்றினிடையே வளர்ந்த தோற்றொழிலும் ஒன்றோடொன்று பின்னிய ஒரே வரலாற்றின் பகுதிகளாம். அவ்வரலாற்றைக் காணும்படி வகுக்கப்படும் பயணமே பயனுடைய பயணமாகும்.

முதற்கண் காலத்தை நோக்குவோம். வேலூர் வெயிலின் கொடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பங்குனி முதல் ஆனி வரை பாறைக்குன்றுகள் கனன்றுகொண்டிருக்கும். அருவிகளிற் பாறையன்றி நீர் இராது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் மார்கழியும் தையுமே சாலச் சிறந்தவை. அப்பொழுது ஏரிகளில் நீர் நிற்கும். மலை பசுமை போர்த்திருக்கும். மழை கடுமையாய்ப் பெய்யும் ஐப்பசி, கார்த்திகை நாட்களில் மலைச்சாலையில் மண்ணுங் கல்லுஞ் சரியுமாதலின், அந்நாட்களை விலக்குதல் நன்று.

அடுத்து அளவு. ஒரு நாளில் பத்து இடங்களைப் பார்ப்போமெனப் புறப்படுவார் ஓரிடத்தையும் பாராது மீள்வர். ஒரு பகலுக்கு மூன்று நிறுத்தங்கள் போதும். அவற்றுள் ஒன்று நிழலும் நீரும் உள்ளதாக இருத்தல் வேண்டும். ஒன்று கால்நடையாய்ச் சிறிது உலாவுதற்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். ஒன்று நம் அறிவை வளர்ப்பதாக இருத்தல் வேண்டும். நெடுஞ்சாலையின் ஓரத்தில் வண்டியை நிறுத்துதல் உயிருக்கே இடராய் முடியுமாகையால், கிளைச்சாலையில் இறங்கியே நிறுத்துக. ஒரே நாள் உடையார் வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர் அளவிலுள்ள அமிர்திக் காட்டிற்குச் சென்று மாலையில் மீளலாம். இரண்டு நாள் உடையார்க்கே பின்வரும் வழி.

விடிந்தபின் வேலூரை விட்டு மேற்கே புறப்படுக. பள்ளிகொண்டாவைக் கடந்து ஆம்பூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இவ்வழியில் மலையடிவாரம் நோக்கிப் பிரியும் ஒரு கிளைச்சாலையில் முதல் நிறுத்தத்தை அமைத்துக்கொள்க. அங்கே தரிசு நிலங்களில் பொன்னிறப் பூக்களோடு நிற்கும் குறுஞ்செடியைக் காணலாம். அதுவே ஆவாரை. குறிஞ்சிப்பாட்டில் வரும் தொண்ணூற்றொன்பது பூக்களுள் ஒன்றாகிய ஆவிரை இதுவே. காதல் நிறைவேறாது மடலேறத் துணிந்த தலைவன் சூடியதும் இதுவே. பொங்கற் காலத்தில் வேப்பிலையோடும் சிறுபீளையோடும் சேர்த்து நம் வீடுகளிற் காப்புக் கட்டுவதும் இதுவே.

இச்செடிக்கும் ஆம்பூருக்கும் உள்ள தொடர்பு பலர் அறியாதது. பச்சைத்தோல் அழுகாது நிலைத்திருக்க வேண்டுமாயின், அதிலுள்ள நார்களைப் பிணித்து உறுதியாக்கும் துவர்ப்புச் சத்தொன்று அதனுட் செல்லவேண்டும். அச்சத்து ஆவாரம்பட்டையில் மிகுதியாயுண்டு, கடுக்காயிலும் உண்டு. நம் நாட்டார் இவ்விரண்டையுங்கொண்டே நெடுங்காலம் தோல் பதனிட்டனர். அவ்வாறு பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்தின் வழியே கடல் கடந்து ஐரோப்பாவிற்குச் சென்றது. ஆகவே, சாலையோரத்து மஞ்சட்பூச்செடியே இத்தொழிலுக்குத் தாயென்னலாம். குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பினாற் பதனிடும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சென்னை மாகாணத்தில் நுழைந்தது. 1970-களில் பச்சைத்தோலும் பாதி பதனிட்ட தோலும் வெளிநாடு செல்வதை அரசாங்கம் கட்டுப்படுத்தி, முற்றும் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்கியபின் அம்முறை எங்கும் பரவிற்று. பட்டையாற் பல வாரங்களில் முடியும் வேலை குரோமியத்தாற் சில நாட்களில் முடியும். இன்று ஆம்பூரிலும் அதன் சுற்றிலும் செய்யப்படும் காலணிகள் பல நாடுகளுக்குச் செல்கின்றன. அத்தொழிற்சாலைகளில் வேலைசெய்வோருள் மிகப் பலர் பெண்டிர். காலையிலும் மாலையிலும் வேலை தொடங்கி முடியும் வேளைகளில் அவர்கள் கூட்டமாய்ச் சாலையைக் கடப்பர். வண்டியோட்டுவோர் அவ்வேளைகளை அறிந்து விலக்குதலும், விலக்க இயலாதவிடத்து விரைவைக் குறைத்தலும் கடமையாம். நண்பகலில் ஆம்பூரை அடைந்தால், சீரகச்சம்பா அரிசியிற் சமைத்த பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் வழிப்போக்கர்க்குக் காத்திருக்கும்.

இரண்டாம் நிறுத்தம் ஆம்பூரை அடுத்த பாலாற்றங்கரை. அழகுக் காட்சியை நாடி வந்தோரை வறண்ட மணற்பரப்பின்முன் நிறுத்துவது முறையோ என வினவுவாரும் உளர். முறையே என்பேன். கருநாடக நாட்டு நந்தி மலைப்பகுதியிற் பிறந்து, ஆந்திரத்தைச் சிறிது தூரங் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, வயலூரை அடுத்துக் கடலிற் கலக்கும் இவ்யாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஆயினும் மணலின் கீழ் ஓடும் ஊற்றுநீரே இருகரை மக்களையும் பயிர்களையும் காத்து வந்தது. தோலிலிருந்து கழுவப்பட்ட உப்பும் குரோமியமும் அவ்வூற்றிற் கலந்தபோது கிணறுகள் கெட்டன; தென்னை வாடிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகின்றதென்றும், தொழிற்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஒவ்வாததாயிற்றென்றும் அத்தீர்ப்பிற் குறிக்கப்பட்டுள்ளது. கெடுத்தவனே ஈடுசெய்யவேண்டும் என்னும் நெறியை இந்திய நாட்டுச் சட்டத்தில் உறுதியாய் ஊன்றியது இவ்வழக்கே. பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல இயங்கலாயின. எனினும் இடர் முற்றுந் தீர்ந்திலது. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இழப்பீட்டைப்பற்றி மீண்டும் ஆணையிட நேர்ந்தது. அவ்யாறு இறந்துபட்டதென்று கருதுவதும் தவறாகும். 2021 நவம்பரில் கரைபுரண்டோடிய வெள்ளத்தைக் கண்டார் அவ்வாறு கூறார். இத்தொழிலால் உண்டுவாழும் குடும்பங்களும் பல. இந்நீரால் உண்டுவாழ்ந்த குடும்பங்களும் பல. இரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பதற்கு அம்மணற்கரையினும் ஏற்ற இடம் வேறில்லை.

மூன்றாம் நிறுத்தம் ஏலகிரி. வாணியம்பாடியைக் கடந்து பொன்னேரியில் மலைச்சாலை தொடங்கும். கடல்மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரமுள்ள இம்மலைக்குப் பதினான்கு கொண்டையூசி வளைவுகள் உண்டு. முதல் ஏழும் பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் எனப் புலவர் பெயரால் விளங்கும். பின் ஏழும் பாரி, காரி, ஓரி, ஆய், அதியமான், நள்ளி, பேகன் எனக் கடையெழு வள்ளல்கள் பெயரால் விளங்கும். புலவரை வணங்கியே வள்ளல்களை அடையவேண்டும் என்பதுபோல் அமைந்த இவ்வொழுங்கு தமிழ் மாணவர்க்கு உவகையூட்டுவதாம். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடவேண்டுமென்பது மலைச்சாலை விதி. இறங்குங்கால் பிரேக்கை மட்டும் நம்பாது, ஏறும்போது இட்ட தாழ்ந்த கியரிலேயே இறங்குக. மேலே புங்கனூர் ஏரிக்கரையில் மாலைப்பொழுதைக் கழித்து அங்கேயே இரவு தங்கலாம். இம்மலையினின்றும் இழியும் நீர் திருப்பத்தூர்ப் பக்கத்தே ஜலகாம்பாறை அருவியாய் வீழ்கின்றது. மழைக்காலத்தை அடுத்துச் செல்வார்க்கே அது காட்சி தரும்.

மறுநாள் வாணியம்பாடிக்கு மீண்டு ஆலங்காயம் வழியே சவ்வாது மலையேறுக. காவலூரில் ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானோக்கு நிலையம் உள்ளது. 1986-இல் நிறுவப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இங்குளது. 1977-இல் யுரேனஸ் கோளைச் சூழ்ந்த வளையங்களைக் கண்டறிந்த ஆராய்ச்சியில் இந்நிலையத்தார்க்கும் பங்குண்டு. நகர ஒளி அணுகாத காட்டிருளும், வடவானத்தையும் தென்வானத்தின் பெரும்பகுதியையும் ஒருங்கே காட்டும் நில அமைப்பும் இவ்விடத்தின் செல்வங்கள். பார்வையாளர்க்குரிய நாளை முன்னரே கேட்டறிந்து செல்க. அங்கிருந்து சாமை விளையும் மலைச்சிற்றூர்களின் ஊடே ஜமுனாமரத்தூர் சென்று, போளூரில் இறங்கி, கண்ணமங்கலம் வழியே வேலூர் திரும்பலாம்.

இனி ஒழுக்கத்தைப்பற்றிச் சில கூறி முடிப்பாம். குரங்குகளுக்குத் தின்பண்டம் எறிதல் அருளன்று. வண்டிச்சக்கரத்தின்முன் அவற்றை அழைப்பதாம். அருவிப்பாறையில் உடைந்த புட்டி, அதனைக் கடந்து நடக்கும் மலைச்சிறுவனின் காலைக் கிழிக்கும். கொண்டுசென்ற நெகிழிப்பைகளைத் திரும்பக் கொண்டுவருவோர், தோற்சாலைக் கழிவைப்பற்றிப் பேசும் உரிமையுடையோராவர். ஏனையோர் அவ்வுரிமையை இழந்தவராவர்.

தான் பெற்ற பெருவளத்தைப் பிறர்க்கறிவுறுத்துவதே ஆற்றுப்படையின் இலக்கணம். பரிசில் பெற்று மீண்டவன் எதிர்வந்தானை ஆற்றுப்படுத்துவதுபோல, இவ்வழிச் சென்று மீளும் மாணவர் ஒவ்வொருவரும் அடுத்துச் செல்வார்க்கு வழிகாட்டுவாராக. மலையையும் யாற்றையும் ஒருசேரக் காட்டும் வழிகாட்டிகள் நம்மிடையே பெருகின், கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஆம்பூரைக் கடப்போரும் பெருகுவர்.