கூண்டைத் திறந்து விட்டால் போதுமா?

நான் எளாவூர் குடும்பத் தலைவி. 2021-ல் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை ஆரம்பித்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். சாயங்காலம் 5 மணி முதல் 7 மணி வரை வகுப்பு. ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகள். பாதிப் பேர் பழவேற்காடு ஏரியில் வலை போடுகிற வீடுகளிலிருந்து வருபவர்கள். கணக்கு, ஆங்கிலம் முடிந்ததும் கடைசி இருபது நிமிஷம் கதை. அதற்காகத்தான் பாதிப் பிள்ளைகள் வருவார்கள் என்று எனக்குத் தெரியும்!

சென்னையில் இருக்கும் என் அண்ணன் மகள் ஒரு ஆங்கிலப் புத்தகம் கொடுத்தாள். ‘தி ஒன் அண்ட் ஒன்லி ஐவன்’. அமெரிக்காவில் கேத்தரின் ஆப்பிள்கேட் என்ற பெண்மணி எழுதி 2012-ல் வந்தது. மறு வருஷமே நியூபெரி பதக்கம் வாங்கியது. ஒரு வணிக வளாகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் வாழும் கொரில்லாவே தன் கதையைச் சொல்கிறது. பக்கத்தில் ஸ்டெல்லா என்று ஒரு கிழ யானை, புதிதாக வரும் ரூபி என்கிற குட்டி யானை, ஒரு தெரு நாய். நான் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக இருப்பதால் தினமும் நாலைந்து சொல்ல முடிந்தது.

இது வெறும் கற்பனை இல்லை என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஐவன் நிஜமாகவே இருந்த கொரில்லா. ஆப்பிரிக்காவில் குட்டியாகப் பிடித்து விற்றுவிட்டார்கள். அமெரிக்காவில் டகோமா நகரத்துக் கடை ஒன்றில் 27 வருஷம் தனியாகக் கிடந்தது. ஜனங்கள் எதிர்ப்புக் காட்டிய பிறகு 1994-ல் அட்லாண்டா மிருகக்காட்சி சாலைக்குப் போனது. 2012-ல் இறந்தது.

“ஏன் மிஸ் காட்டுக்கு அனுப்பல?” என்றான் ஒரு பையன். நல்ல கேள்வி. குட்டியிலேயே தூக்கி வந்ததற்கு இரை தேடத் தெரியாது, கூட்டத்தோடு சேரத் தெரியாது என்றேன். நம் நாட்டு சர்க்கஸ் சிங்கங்கள் கதையும் அதுதான். சிங்கம், புலி, கரடி, குரங்கு இவற்றை வைத்து வித்தை காட்டக் கூடாது என்ற அரசின் தடையை 2001-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. அப்படி மீட்ட மிருகங்களில் சில நம் வண்டலூருக்குத்தான் வந்தன. அவற்றையும் காட்டில் விட முடியவில்லை. சாகும் வரை சோறு போட்டுக் காப்பாற்றத்தான் முடிந்தது.

ஸ்டெல்லா யானையின் காலில் புண் வந்து சீழ் பிடிக்கும் இடம் ஒன்று உண்டு. முதலாளி மாக், செலவுக்குப் பயந்து டாக்டரைக் கூப்பிடாமல் நாளைக் கடத்துவான். யானை செத்துவிடும். மாக்கை எல்லோரும் திட்டுவார்கள் என்று பார்த்தேன். ஒரு பெண் மட்டும், “கையில காசு இருந்திருக்காது மிஸ். எங்க நைனாவும் அப்டித்தான், நாளைக்குப் போலாம் நாளைக்குப் போலாம்னு கால் வீங்கிடிச்சி” என்றாள். அன்றைக்கு அதற்கு மேல் கதை ஓடவில்லை.

இன்னொருவன், “அப்ப எங்க வலையில வர்ற எறா மட்டும் பாவம் இல்லியா?” என்றான். நான் வாயைத் திறக்கும் முன்னே பக்கத்தில் இருந்தவன், “அது வவுத்துக்கு. இது வேடிக்கைக்கு” என்று முடித்துவிட்டான். எனக்கு அந்த அளவுக்குச் சுருக்கமாகச் சொல்ல வந்திருக்காது.

புத்தகம் முடிந்த மறுநாள் ஒரு ஏழாவது படிக்கும் பெண் என் காதில் வந்து சொன்னாள்: “எங்க ஆயா வெச்சிருக்கிற கிளிக் கூண்ட இன்னிக்கி ராத்திரி தொறந்து விட்டுடப் போறேன்.” இறக்கை வெட்டிய கிளி அது. வெளியே விட்டால் விடிவதற்குள் பூனையோ காக்காயோ கொத்திக்கொண்டு போயிருக்கும். அதை அவளிடம் சொல்லி நிறுத்தினேன். இந்தப் புத்தகத்தை வகுப்பில் வாசிக்கிற டீச்சர்கள் இதை முதலிலேயே பேசிவிட வேண்டும். பிள்ளைகள் கதையை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அங்கே கூண்டும் இருக்கிறது.

அதற்குள் ஆயாவுக்கு விஷயம் எட்டிவிட்டது. நேரே என் வாசலுக்கு வந்து, “என்னாம்மா சொல்லிக் குடுத்த என் பேத்திக்கு? அது என்ன, கிளியா? எம் புள்ள” என்றார். உட்காரவைத்து டீ கொடுத்தேன். மகன் ஏரிக்கும் மருமகள் வேலைக்கும் போனபின் பகல் முழுக்க அவருக்குப் பேச்சுத் துணை அந்தக் கிளிதான். அவரைக் கொடுமைக்காரி என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் சட்டத்தைச் சொன்னேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் பச்சைக்கிளி, மைனா எதையும் வீட்டில் அடைத்து வளர்க்கக் கூடாது. கடையில் விற்கும் லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டு ஜாதி, அது வேறு கதை. “போலீசு வருமா?” என்று கேட்டார். தானாகக் கொண்டுபோய் ஒப்படைப்பதுதான் நல்லது, நானும் கூட வருகிறேன் என்றேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

ஒரு மாசம் கழித்து, அவரே கூண்டை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தார். பேத்தி தினமும் கூண்டுக்கு முன் உட்கார்ந்து நாள் எண்ணுகிறாளாம், கதையில் ஐவன் எண்ணுவது போல. “அது எண்றதக் கேட்டுக் கேட்டு எனக்கே சோறு எறங்கல” என்றார். மூவரும் கும்மிடிப்பூண்டிக்கு பஸ் ஏறி வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்தோம். வெட்டிய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும், பெரிய கூண்டில் பறந்து பழகியபின்தான் விடுவார்கள் என்று அங்கே விளக்கினார்கள்.

இப்போது ஆயா மத்தியானம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார். எறா உரித்துக்கொண்டே தினமும் கேட்பது ஒன்றுதான்: “ரெக்க மொளச்சிருக்குமாம்மா?”

- ஒரு வாசகி, எளாவூர்