திருச்செந்தூருக்கு ஒரு நாள்: வண்டிக் கணக்கும் கடல் கணக்கும்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடை வைத்திருக்கும் நமக்கு மேற்கே மலை பக்கம். கிழக்கே கடல் தூரம். அதனாலோ என்னவோ, கடல் என்றால் நம் ஊர் மக்களுக்குத் தனி ஆசை. வருடத்தில் ஒரு நாள் கடையை அடைத்து, ஒரு வேன் பேசி, திருச்செந்தூர் முருகனைக் கும்பிட்டு, கடலில் ஒரு முழுக்குப் போட்டு இரவு வீடு திரும்புவது நமது வணிகர்களில் பலருக்கு வழக்கம். குடும்பத்தை மட்டும் அழைத்துப் போகிறவர் உண்டு. கணக்குப்பிள்ளை, கடைப் பையன்கள், லோடு ஆட்கள் என்று எல்லாரையும் வீட்டாரோடு கூட்டிப் போகிறவரும் உண்டு. நல்ல வழக்கம். விட்டுவிடக் கூடாது.

ஆனால் ஒன்றைக் கவனித்து வருகிறோம். வண்டி வாடகை கொடுத்தாகிவிட்டது, ஒரு ஊர் கூடப் பார்த்தால் என்ன என்று, ஒரே நாளில் ஐந்து கோயில், இரண்டு கடற்கரை என்று பட்டியல் போடுகிறோம். சரக்கு எடுக்கும்போது காசுக்குக் காசு கணக்குப் பார்க்கும் நாம், இருபது உயிர் ஏறும் வண்டிக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கிலோ மீட்டர் கணக்கு

நம் ஊர் ரயில் பாதை விருதுநகர் – தென்காசி பாதை. திருச்செந்தூர்ப் பாதை திருநெல்வேலியிலிருந்து பிரிகிறது. பெரியவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வண்டி மாறி மாறி ஒரே நாளில் போய் வருவது சிரமம் என்பதால், வேன் பேசுவதே வழக்கமாகிவிட்டது.

ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் சுமார் 30 கிலோ மீட்டர். அங்கிருந்து திருநெல்வேலி சுமார் 55. பிறகு தாமிரபரணிக் கரையோடு ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் வழியாகத் திருச்செந்தூர் சுமார் 60. ஆக, போக 145. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இன்னும் 12 கூடும். டீக்கடை நிறுத்தம் போக நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினமும் மணப்பாடும் 20 கிலோ மீட்டருக்குள் அடங்கும். இந்த அளவோடு நிறுத்தினால் போக வர ஓட்டுநருக்கு எட்டரை, ஒன்பது மணி நேர வேலை.

இதோடு கன்னியாகுமரியையும் சேர்ப்பவர்கள் உண்டு. திருச்செந்தூரிலிருந்து கடற்கரைச் சாலையில் கன்னியாகுமரி சுமார் 90. அங்கிருந்து திருநெல்வேலி சுமார் 85. திரும்ப நம் ஊர் 85. மொத்தம் 400-ஐத் தாண்டும். ஓட்டுகிற நேரம் மட்டும் பதினொன்று, பன்னிரண்டு மணி ஆகும். 1961-ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், தொலைதூரப் பாதை, திருவிழாக் காலம் என்றால் பத்து மணி வரை என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக வேலை வாங்காமல் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றும் அன்றே வகுத்தது. அறுபது வருடங்களுக்கு முன் வகுத்த அந்த அளவு இன்றைக்கும் நல்ல அளவுகோல்தான். சாலை அகலமாகிவிட்டது, மனிதனுக்குத் தூக்கம் குறைந்துவிடவில்லை.

கன்னியாகுமரிக்கு இன்னொரு நாள் போகலாம். கடலுக்கு அருகிலேயே சுயம்புலிங்க சுவாமி வீற்றிருக்கும் உவரியையும், ஓலைப் பெட்டியில் கடல் மண் சுமந்து நேர்த்திக்கடன் கழிக்க நினைப்பவர்கள், தனி நாள் வைத்துக் கொள்வதே நல்லது.

பலகையின் நிறம்

வண்டி பேசும்போது முதலில் பார்க்க வேண்டியது வாடகை அல்ல, நம்பர் பலகை. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகைக்கு ஓட்டப் பதிவு செய்த வண்டி. வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோக வண்டி. அதை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு.

சென்ற முறை நாங்கள் வேன் தேடியபோது ஒருவர் வெள்ளைப் பலகை வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தி, வாடகை இரண்டாயிரம் குறைவு என்றார். மஞ்சள் பலகை வண்டிதான் வேண்டும் என்றோம். "அண்ணாச்சி, போர்டா ஓடுது? வண்டிதானே ஓடுது!" என்று சிரித்தார். அனுப்பிவிட்டோம். வண்டி ஓடும்வரை அவர் சொல்வது சரி. எங்காவது மோதி நின்றால், அப்புறம் பலகைதான் பேசும். சொந்த உபயோகத்துக்கு இன்சூரன்ஸ் செய்த வண்டி வாடகைக்கு ஓடியது என்று தெரிந்தால், கம்பெனி இழப்பீட்டை மறுத்து வாதாட இடம் உண்டு. கோர்ட்டு முதலில் கட்டச் சொன்னாலும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவாவதும் உண்டு. இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய், அடிபட்டவர் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடப்பதுதான் மிஞ்சும்.

பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் மூன்றும் நடப்பில் உள்ளனவா, ஆர்.சி.யில் எத்தனை இருக்கை என்று பார்த்துக் கொள்ளுங்கள். இருக்கைக்கு மேல் ஒரு ஆள்கூட ஏற்றாதீர்கள். மடியில் குழந்தை, நடுவில் ஸ்டூல் என்பதெல்லாம் வேண்டாம்.

சரக்கு வண்டி ஆளுக்கு அல்ல

மொத்த வியாபாரிகளான நாம் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். நம் வாசலில் லோடு வண்டி நிற்கிறது. லோடு ஆட்கள், "முதலாளி, நம்ம வண்டியிலேயே போயிட்டு வந்துடுறோமே" என்று கேட்பார்கள். பின்னால் தார்ப்பாய் விரித்து, இருபது பேரை உட்கார வைத்து அனுப்பும் வழக்கம் நம் வட்டாரத்தில் இன்னும் ஒழியவில்லை.

சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ சரக்கோடு போகலாம். இன்சூரன்ஸ் அவரோடு முடிந்தது. மற்றபடி ஏற்றிப் போகும் ஆட்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-ஆம் வருடம் ஆஷா ராணி வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. விபத்து என்று வந்தால் இழப்பீட்டுச் சுமை வண்டி உரிமையாளர் தலையில்தான் விழும். தாத்தா காலத்துக் கடையும் வீடும் அதற்கு ஈடாகப் போகலாம். பணத்தை விடுங்கள், நம்மை நம்பி ஏறியவருடைய வீட்டு வாசலில் போய் என்ன சொல்லி நிற்போம்? ஆகவே கோயிலுக்கு என்றாலும், கல்யாணத்துக்கு என்றாலும், சரக்கு வண்டியின் சாவியைக் கொடுக்காதீர்கள். வேன் வாடகையைக் கொடுத்து அனுப்புங்கள்.

நேரக் கணக்கு

முந்தின இரவு வேறு சவாரி ஓட்டாத ஓட்டுநர் வேண்டும் என்று வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாங்கள் காலை 4 மணிக்குப் புறப்படுகிறோம். நள்ளிரவு ஒரு மணிக்குப் புறப்பட்டால் விடியற்காலைத் தரிசனம் கிடைக்கும் என்பது உண்மை. கண் அசரும் நேரமும் அதுதான். மார்கழி, தை மாதங்களில் பச்சை உடுத்திய பாத யாத்திரைக்காரர்கள் இருட்டில் சாலை ஓரம் கூட்டம் கூட்டமாக நடந்து போகிறார்கள். அவர்களும் நம்மைப் போல முருகனைத் தேடிப் போகிறவர்களே.

எட்டு மணி வாக்கில் திருச்செந்தூர். வண்டி நின்றதும் ஓட்டுநருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, படுக்க ஒரு இடமும் ஏற்பாடு செய்துவிடுகிறோம். நாம் கும்பிடும் நேரம் அவர் தூங்கும் நேரம். அதை வாங்கி வா, இவரைக் கூட்டி வா என்று அவரை எழுப்பக் கூடாது. பேட்டா கொடுப்பதோடு தூக்கமும் கொடுக்க வேண்டும்.

முதலில் கடல், பிறகு நாழிக்கிணறு, அதன் பின் தரிசனம் என்பது பழைய வழக்கம். அலை அடிக்கும் இடத்துக்கு இவ்வளவு அருகில் படி இறங்கிப் போய் நல்ல தண்ணீரில் குளிப்பது திருச்செந்தூருக்கே உள்ள அதிசயம். பன்னீர் இலையில் தரும் விபூதியைப் பத்திரமாக மடித்து வாங்கிக் கொள்ளுங்கள். 2025 ஜூலை 7-ஆம் தேதி குடமுழுக்கு நடந்தது. விடுமுறை நாட்களில் பெருங்கூட்டம். கிருத்திகை, சஷ்டி, பௌர்ணமி நாட்களைத் தவிர்த்து ஒரு சாதாரண நாளில் போனால் முதியோருக்கு நல்லது.

சாப்பாடு முடித்து இரண்டரை மணிக்கு மணப்பாடு. மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோவில், 1581-இல் எழுந்தது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் தங்கிய குகையும் இங்கே உண்டு. மேட்டிலிருந்து பார்த்தால் மூன்று பக்கமும் கடல்.

எங்கள் கடையில் பல வருடங்களாக மூட்டை சுமக்கும் ஒரு பெரியவர் முதன்முதலில் கடலைப் பார்த்தது இந்த மணப்பாட்டில்தான். தூத்துக்குடி உப்பு மூட்டைகளை எத்தனை ஆயிரம் இறக்கி அடுக்கியிருப்பாரோ, அவருக்கே தெரியாது. அலை வந்து காலை நனைத்ததும் குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "முதலாளி, நம்ம சரக்குதான்!" என்றார். அன்றைய வியாபாரம் போனதே என்ற நினைப்பு எங்கள் யாருக்கும் அப்புறம் வரவில்லை.

நாலரைக்குக் குலசேகரன்பட்டினம். தசராவுக்குப் பேர் பெற்ற முத்தாரம்மன், ஞானமூர்த்தீஸ்வரரோடு ஒரே பீடத்தில் வீற்றிருக்கிறாள். இந்த ஊர் உப்பளத்தில்தான் 1942 போராட்டத்தின்போது வெள்ளைக்கார அதிகாரி லோன் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற இளைஞர் இருவர் பிறகு உயிர் தப்பினர். இதே ஊரில் 2024 பிப்ரவரி 28-இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பக்கத்தில் உடன்குடி, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பட்டியின் ஊர். சீனி கலந்த சரக்கும் சந்தையில் உண்டு. நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பார்த்து வாங்குவார்கள்.

ஐந்தரைக்குப் புறப்பட்டால், வழியில் இரவுச் சாப்பாடு போகப் பத்து, பத்தரைக்குள் வீடு.

கடல் கணக்கு

கண்மாயிலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய பையன்கள் கடலையும் அப்படியே நினைக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் நிற்கும். கடல் தண்ணீர் இழுக்கும். கரைக்கு வந்த அலை திரும்பும்போது ஓரிடத்தில் ஆறுபோல் கூடி உள்ளே ஓடும். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் சோர்ந்துவிடுவார். பதறாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டபின் கரையேற வேண்டும்.

இன்னொன்று, மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்வது. தெற்கே பல ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் நடுக்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று வந்து ஏறும். 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐந்து பேரை அலை கொண்டு போனது. கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்த நாள் அது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. பத்திரிகையிலும் வானொலியிலும் வரும். புறப்படும் முன் பார்த்துக் கொள்ளுங்கள். கரையில் ஒரு மீனவரிடமும் கேட்டுக் கொள்ளுங்கள். திருச்செந்தூரில் அண்மைக் காலமாகக் கரை அரிப்பும் இருப்பதால், பாறை தெரியும் இடங்களில் இறங்காதீர்கள்.

எங்கள் வழக்கம்: முழங்காலுக்கு மேல் தண்ணீரில் யாரும் போவதில்லை. குளிப்போர் குளிக்கும்போது இரண்டு பேர் கரையில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். பொழுது சாய்ந்தபின் கடலில் கால் வைப்பதில்லை.

கூலிக் கணக்கு

கடைசியாக ஒன்று. 1947-ஆம் வருடக் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி கடை ஊழியருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை உண்டு. கோயிலுக்குக் கூட்டிப் போன நாளை அந்த விடுமுறையில் கழிப்பதும், சம்பளத்தில் பிடிப்பதும் முறையல்ல. அது நாம் மனமுவந்து தரும் தனி நாளாக இருக்கட்டும்.

ஒரு நாள் அடைத்த கடையை மறுநாள் திறந்துவிடலாம். போன வியாபாரம் அடுத்த வாரம் வரும். வண்டியில் ஏறிய அத்தனை பேரும் இரவு அவரவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அதற்கு இரண்டு கோயில், ஒரு கடற்கரை, மஞ்சள் பலகை வண்டி, தூங்கி எழுந்த ஓட்டுநர் என்பதே எங்கள் கணக்கு. நமது அங்கத்தினர்கள் அனைவரும் இந்தக் கணக்கைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.